ஏழாவது படைவீடு

ரொறன்ரோவில் நான் வந்து இறங்கினேன். என் பெட்டி வந்து இறங்கவில்லை. சுழலும் பட்டியில் எல்லோருடைய பெட்டிகளும் வந்து, எல்லோரும் வீட்டுக்குப் போய், கடைசியில் யாருடையதோ ஒரு பிள்ளை வண்டி மட்டும் தனியே சுற்றிக்கொண்டிருந்தது. நானும் அதுவும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெட்டிக்குள் என் கோட்டு சூட்டு, பனிக்குப் போடும் பூட்ஸ், மனைவி பவா மூன்று பொலித்தீன் பையில் சுற்றித் தந்த பயற்றம் பணியாரம், யாருக்குக் கொடுப்பதென்று இன்னும் உறுதியாகாத ஒரு பட்டுச் சேலை எல்லாம் இருந்தன. தோளில் தொங்கிய மடிக்கணினி மட்டும் என்னோடு வந்திருந்தது. முறைப்பாட்டு மேசையில் இருந்த பெண் விலாசத்தை வாங்கிக்கொண்டு, “நாளைக்கு வரலாம், பிந்தியும் வரலாம், பார்ப்போம்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதோடு பெட்டியை மறந்துவிட்டேன். ‘பார்ப்போம்’ என்ற அந்த ஒரு சொல்லை எப்படியாவது அசைக்க வேண்டும் என்றுதான் நான் அத்திலாந்திக்கைக் கடந்தே வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். என் மகன் ஆதவன் இங்கிலாந்திலிருந்து வேலைக்காகக் கனடா போனவன். அங்கே அனிற்றா என்ற பெண்ணை விரும்பினான், அவளும் விரும்பினாள். நாங்கள் சைவம், அவர்கள் கத்தோலிக்கர். அனிற்றாவின் தாய் றோசலினுக்குச் சம்மதம். எங்கள் வீட்டில் பவா ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பெண்ணோடு வீடியோவில் கதைத்த பிறகு கட்சி மாறிவிட்டாள். மிச்சம் இருந்தவர் தகப்பன் மரியதாஸ். பிறம்ரனில் வீடு, நெடுந்தூர ட்ரக் ஓட்டுகிறவர். அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கேட்ட போதெல்லாம் “பாப்பம்” என்றார். இல்லை என்றால் சண்டை பிடிக்கலாம், அழலாம், ஆள் வைத்துக் கதைக்கலாம். பாப்பம் என்கிற மனிசனை என்ன செய்வது?

விமான நிலையத்துக்கு ஆதவன் வரவில்லை, வேலையில் மாட்டிக்கொண்டான். அனிற்றாதான் வந்தாள். மருமகள் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருக்கும் ஒரு பெண் கார் ஓட்ட, பக்கத்தில் இருந்து என்ன கதைப்பது என்று தெரியாமல் நான் சீட் பெல்ற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். நாங்கள் இருக்கும் வட இங்கிலாந்தில் பனி விழுந்தால் ஊரே வீட்டுக்குள் இருந்துவிடும். இங்கே பனி பக்கவாட்டில் அடிக்க, ஆறு வரிசையில் வாகனங்கள் ஒன்றுமே நடக்காதது மாதிரிப் போய்க்கொண்டிருந்தன.

“அங்கிள், உந்தச் சப்பாத்தோடை வெளியிலை நடக்காதேங்கோ. லைக், சீரியஸ்லி,” என்றாள் அனிற்றா.

என் கால்களில் இருந்தவை மெல்லிய தோல் சப்பாத்துகள். பூட்ஸ் பெட்டிக்குள் என்றேன். பெட்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. வெறுங்கையோடு நான் வெளியே வந்ததை முதலே பார்த்துவிட்டாள்.

“அப்பா உங்களை வீட்டை வரச் சொல்லேல்லை எண்டு கவலைப்படாதேங்கோ. உங்கட டோக்குக்கு வாறார். அது பெரிய விஷயம். ஹீ நெவர் கோஸ் எனிவேர்.”

டோக் என்று அவள் சொன்ன என் பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் பேராசிரியர் ஒன்றும் இல்லை. ரோமர் பிரித்தானியாவின் வடக்கே கட்டிய பெருஞ்சுவருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டையைத் தோண்டுகிறார்கள். அந்த அகழ்வுக் குழுவில் படம் வரைகிறவன் நான். தோண்டத் தோண்டத் தெரியும் கல், குழி, கறை எல்லாவற்றையும் அளந்து தாளில் ஏற்றுவது என் வேலை. கடைசியாக நாங்கள் தோண்டியது படைவீரர் தங்கியிருந்த கட்டடங்களை. ஆதவன் இதை ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு முதியோர் சங்கத்தை நடத்தும் தியாகராசா மாஸ்ரரிடம் சொல்ல, மாஸ்ரர் என்னைத் தமிழில் பேசக் கூப்பிட்டார். மண்டபத்தில், நாலு பேருக்கு நடுவில், மரியதாஸ் என்னைத் தூரத்தில் இருந்து பார்க்கட்டும் என்பது ஆதவனின் திட்டம். மாடு வாங்குகிறவன் முதலில் வேலிக்கு வெளியே நின்றுதானே பார்ப்பான்.

தலைப்பு என்ன வைப்பது என்று மாஸ்ரர் ஏற்கெனவே தொலைபேசியில் கேட்டிருந்தார். படைவீரர் தங்கும் இடத்துக்குத் தமிழில் என்ன சொல்? ‘முகாம்’ என்று போட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றில் ஆமி ஞாபகம் வரும், அல்லது அகதி வாழ்க்கை ஞாபகம் வரும். சனிக்கிழமையும் அதுவுமாக யார் அதைக் கேட்க வருவார்கள்? அகராதியைப் புரட்டினேன். ‘படைவீடு’ என்று இருந்தது. படை தங்கும் வீடு, எவ்வளவு பொருத்தம். ‘ரோமாபுரிப் படைவீடுகள்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, என் தமிழை நானே மெச்சிக்கொண்டு தூங்கினேன்.

அடுத்த நாள் மத்தியானம் அஜின்கோர்ட்டில் அந்தத் தமிழின் பலனைக் கண்டேன்.

ஆதவன் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் றோல்ஸ், மீன் பற்றிஸ், பக்கத்தில் இடியப்பம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. எங்கள் ஊரில் இடியப்பம் வேண்டுமென்றால் ஒரு மணித்தியாலம் ரயில் ஏற வேண்டும். இங்கே பெற்றோல் அடிக்கிற சுலபத்தில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். சொதியை ஊற்றி முதல் வாய் வைக்கும்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன்.

மயில்மேல் முருகன். கையில் வேல். பின்னணியில் ரோமாபுரித் தேவாலயத்தின் பெரிய குவிமாடம். கீழே என் பெயர், என் பழைய கடவுச்சீட்டுப் படம்.

காசு வாங்கும் இடத்தில் நின்ற பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்கள்தானே அங்கிள்? எங்கட அம்மாவும் வாறா. ஆறு படைவீடும் பாத்திட்டா. ஏழாவது றோமிலை இருக்கெண்டு இப்பதான் தெரியும் எண்டு சொன்னவ.”

சொதி மூக்கில் ஏறியது. ஆதவன் முதுகில் தட்டினான். இங்கிலாந்தில் பிறந்த அவனுக்குப் படைவீடு என்றால் என்ன என்று விளங்கவில்லை. விளக்கிச் சொன்னதும் அவன் முகமும் வெளிறிவிட்டது. தமிழன் காதில் படைவீடு விழுந்தால் முருகன்தான் வருவான், ரோமப் படை வராது. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் அகராதியைத் திறந்தவனுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மாஸ்ரருக்குப் போன் எடுத்தேன்.

“மாஸ்ரர், முருகன் எப்பிடி உள்ளுக்கை வந்தவர்?”

“படைவீடு எண்டு நீர்தானே எழுதினீர்? ரோமாபுரியிலையும் முருக வழிபாடு இருந்திருக்கு, புது ஆராய்ச்சியாக்கும் எண்டு நினைச்சன்.”

“அது சோல்ஜர்மார் படுக்கிற இடம் மாஸ்ரர்.”

மறுமுனையில் மாஸ்ரர் ஏதோ தாளைப் புரட்டினார். பிறகு, “மாதா கோயில் ஆக்களும் ரோமாபுரி எண்டோடனை பாப்பரசரைப் பற்றி எண்டு நினைச்சு வருகினம். றோல்ஸுக்கு ஓடர் குடுத்தாச்சு. இனி ஒண்டும் மாத்தேலாது, வந்து பேசும்,” என்றார்.

பவாவுக்கும் போனில் சொன்னேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடந்தவள் வலியை மறந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கட்டளை போட்டாள். “அவையின்ரை சாமியைப் பற்றியோ எங்கட சாமியைப் பற்றியோ ஒரு சொல்லும் கதைக்கப்படாது. கலியாணம் எண்ட சொல்லே உங்கட வாயிலை வரப்படாது, விளங்குதே?”

அது லேசான கட்டளை இல்லை. நாங்கள் தோண்டிய இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒரு குழந்தையின் சப்பாத்து. சாதாரணப் படைவீரர் மணம் முடிக்கக் கூடாது என்று ரோமச் சட்டம் சொன்னது. அதே படைவீரரின் அறைப் பக்கத்துச் சேற்றில் பெண்களின் சப்பாத்துகளும் பிள்ளைகளின் சப்பாத்துகளும் கிடந்தன. இதை மரியதாஸின் முன்னால் சொன்னால், சுற்றி வளைத்துப் பெண் கேட்கிறேன் என்றல்லவா நினைப்பார்? அன்றிரவே கணினியில் அந்தச் சப்பாத்தின் படத்தைத் தூக்கி எல்லாவற்றுக்கும் கடைசியில் போட்டேன். அதற்கு முதலே பேச்சை முடித்துவிடலாம் என்று எண்ணம்.

வெள்ளிக்கிழமை பூட்ஸ் வாங்கப் போனேன். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள், தனியே பஸ் ஏறினேன். வெக்ஸ்போர்ட் பக்கம் போக வேண்டிய நான் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்பது கடைசித் தரிப்பிடத்தில், நானும் சாரதியும் மட்டும் மிஞ்சியபோதுதான் தெரிந்தது. சாரதி ஒரு யமேக்காக்காரர். “இங்கே இறங்க என்ன இருக்கிறது? உட்கார், நான் திரும்பித்தானே போகிறேன்,” என்றார். ஹீற்றர் காற்றில் கால் விரல்களைக் காயவிட்டுக்கொண்டு ஸ்காபரோவை இரண்டாம் தடவையும் பார்த்தேன். தமிழ் வழக்கறிஞர்களும் வீடு விற்பவர்களும் பஸ் தரிப்பிடக் கண்ணாடிகளில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

கடைக்குப் போனால் அங்கே வசந்தகாலம் வந்துவிட்டது. வெளியே முழங்கால் மட்டும் பனி, உள்ளே மாட்டியிருந்தது முழுவதும் நீச்சல் உடுப்பும் கடற்கரைச் செருப்பும். பூட்ஸ் எல்லாம் போன மாதமே முடிந்துவிட்டது என்றான் விற்கிற பையன், என் அறியாமைக்கு இரங்கியபடி. இரண்டு சோடி தடித்த காலுறை வாங்கிக்கொண்டு, நனைந்த சப்பாத்தோடு திரும்பினேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. வேறு சமயமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரு பக்கம் திருநீறும் வேட்டியும் பட்டுச் சேலையும். மறுபக்கம் கழுத்தில் செபமாலை தெரிய மாதா கோயில் பெண்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் ஒருவர் இருந்தார். எந்த நேரமும் எழுந்து போய்விடக்கூடிய இருப்பு. அனிற்றா தூரத்தில் இருந்து கண்ணால் காட்டினாள். மரியதாஸ் அவர்தான்.

ஆதவனின் சூட்டு என் வயிற்றில் பூட்டுப்படவில்லை. திறந்தபடி விட்டுக்கொண்டு மேடை ஏறினேன். கணினியைத் திறந்தால் அது தன்னைப் புதுப்பிக்கப் போகிறேன், பொறு என்றது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்து ஒரு அன்ரி பூத்தட்டோடு எழுந்து வந்தார்.

“ஐயா, தொடங்க முதல் கர்ப்பூரம் கொளுத்துவமே?”

மண்டபத்தைக் காக்கும் பிலிப்பினோக்காரர் ஓடிவந்து கூரையில் இருந்த புகை அலாரத்தைக் காட்டி இரண்டு கையையும் ஆட்டினார். அன்ரியின் முகம் சுருங்கிப்போயிற்று. கணினியும் பாதி வழியில் நின்றது.

“கர்ப்பூரம் வேண்டாம் அன்ரி. நீங்கள் ஒரு பாட்டுப் பாடுங்கோ, எல்லாரும் கேப்பம்,” என்றேன்.

அன்ரி கண்ணை மூடி முருகன்மேல் ஒரு பாட்டுப் பாடினார். குரல் கம்பீரமாக இருந்தது. மாதா கோயில் பக்கத்தில் இருந்தும் இரண்டு பேர் தலையாட்டியதைக் கண்டேன். பாட்டு முடிய, கணினியும் விழித்துக்கொண்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

“பிழை என்னிலைதான்,” என்று தொடங்கினேன். “படைவீடு எண்டு எழுதினது நான். அது முருகன்ரை வீடு இல்லை, ரோமச் சோல்ஜர்மார் படுத்த வீடு. பாப்பரசரும் இல்லை, ரோமச் சக்கரவர்த்திமாரின்ரை காலத்துக் கதை. ஏமாந்து வந்த எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்.”

இரண்டு பேர் எழுந்தார்கள். மாஸ்ரர் ஒலிவாங்கியைப் பிடுங்கி, றோல்ஸும் தேத்தண்ணியும் கூட்டம் முடிந்த பிறகுதான் என்று அறிவித்தார். எழுந்த இருவரும் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். கடைசி வரிசையில் மரியதாஸ் அசையவே இல்லை.

கோட்டையின் படத்தைக் காட்டினேன். சீட்டுக்கட்டுச் சீட்டுப் போல மூலை வளைந்த நீள்சதுரம். நடுவில் தலைமையகமும் தானியக் களஞ்சியமும். மிச்ச இடமெல்லாம் வரிசை வரிசையாக நீளக் கட்டடங்கள், அவைதான் படைவீரரின் இருப்பிடம். முதலில் மரத்தால் கட்டினார்கள். மரம் எப்போதோ உக்கிப் போய்விட்டது. ஆனால் தூண் நட்ட குழி உக்காது. குழிக்குள் பிறகு போய் விழுந்த மண்ணுக்கு நிறம் வேறு. நாங்கள் சுவரைத் தேடுவதில்லை, சுவர் நின்ற இடத்தில் மிஞ்சிய கறையைத்தான் தேடுகிறோம் என்றேன். மண்டபம் மரியாதையாகக் கேட்டது. மரியாதையாகக் கேட்கும் கூட்டம் எவ்வளவு ஆபத்தானது என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும்.

“ஒவ்வொரு நீளக் கட்டடத்துக்குள்ளையும் சோடி சோடியா அறையள். முன்னறையிலை ஆயுதமும் சாமானும். பின்னறையிலை படுக்கை, ஒரு அடுப்பு. ஒரு சோடி அறைக்கு எட்டுப் பேர்.”

“எட்டுப் பேர், ரெண்டு றூம்,” என்றது நடுவில் இருந்து ஒரு குரல். மப்ளர் சுற்றிய ஒரு அண்ணை. “தம்பி, அது நாங்கள் வந்த புதுசிலை இருந்த அப்பாட்மென்ற் எல்லோ.”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை, அவர்கள்தான் பேசினார்கள். அகதியாக வந்து இறங்கிய காலத்தில் எட்டுப் பேராக, ஒன்பது பேராக ஒரே வீட்டில் கிடந்தவர்கள் பாதி மண்டபம். கட்டட முனையில் மட்டும் பெரிய அறைகள் உண்டு, அங்கே அதிகாரி இருந்தார் என்று காட்டினேன்.

“அவன்தான் லீஸ் எடுத்தவன்,” என்றார் மப்ளர் அண்ணை. “பேர் போட்டவனுக்குப் பெட்றூம். எங்களுக்கு ஹோல்.”

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் படுத்திருக்க இடம் போதாது, சிலர் எப்போதும் காவலுக்குப் போயிருப்பார்கள் என்று எங்கள் குழுவில் ஒரு கருத்து உண்டு என்றேன். அதற்கும் ஆமோதிப்பு வந்தது. இங்கேயும் நைற் ஷிவ்ற் முடிந்து வருகிறவனுக்காக டே ஷிவ்ற்காரன் மெத்தையைச் சூடாக விட்டுவிட்டுத்தான் எழும்பிப் போவானாம். குதிரைப்படை என்றால் முன்னறைத் தரையில் ஒரு நீளக் குழி இருக்கும், குதிரை மூத்திரம் போக, ஆளும் குதிரையும் ஒரே கூரைக்குக் கீழேதான் என்றேன். குதிரையாவது சமைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்காது என்றார் இன்னொருவர்.

பூத்தட்டு அன்ரி கையை உயர்த்தினார். “தம்பி, இவை இருந்த அப்பாட்மென்றை நாளைக்குத் தோண்டினால் என்ன கிடைக்கும்?”

“கார்ப்பெற்றிலை சட்டி சுட்ட வட்டம்,” என்றார் மப்ளர் அண்ணை உடனே.

“அதேதான் அன்ரி. எங்களுக்கும் அதுதான் கிடைக்கிறது. அடுப்பு இருந்த இடத்து மண் சிவந்துபோய்க் கிடக்கும். அதைக் கண்டால் இங்கை ஆள் இருந்திருக்கு, சமைச்சிருக்கு, குளிர் காய்ஞ்சிருக்கு எண்டு எழுதுவம்.”

என் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கிவிட்டது. முடித்துவிடலாம் என்று கோட்டையின் கடைசிப் படத்துக்குப் போக அழுத்தினேன். சந்தோஷத்தில் ஒரு தரம் கூடுதலாக அழுத்திவிட்டேன் போல. திரை முழுவதும் அந்தச் சப்பாத்து நின்றது.

சின்னஞ்சிறிய தோல் சப்பாத்து. பக்கத்தில் அளவுக்கு வைத்த கோல். சிரிப்பு நின்றது. யாரோ ஒரு பெண் “ஐயோ” என்று மெல்லச் சொன்னது கேட்டது. இதற்கு மேல் ஒளிக்க முடியாது. சட்டம் என்ன சொன்னது, சேறு என்ன காட்டியது என்று சுருக்கமாகச் சொன்னேன். கலியாணம் என்ற சொல்லைத் தவிர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ‘குடும்பம் வைக்கிறது’, ‘சேர்ந்திருக்கிறது’ என்றெல்லாம் சுற்றினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

கடைசி வரிசையில் மரியதாஸ் எழுந்தார். போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

“அந்தத் தாய்மார் ஆர்? அவையும் ரோமாக்களோ?”

“சிலர் கணவன்மாரோடை தூரத்திலை இருந்து வந்திருப்பினம். சிலர் உள்ளூர்ப் பிள்ளையளா இருக்கும். சப்பாத்தை வைச்சுச் சொல்லேலாது.”

“அப்ப அவை எந்தச் சாமியைக் கும்பிட்டவை?”

முதல் வரிசையில் ஆதவன் தலையைக் குனிந்துகொண்டான். பவாவின் கட்டளை காதில் கேட்டது. ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொல்லாமல் விட எனக்குப் பழக்கம் இல்லை.

“அவையவையின்ரை சாமியைக் கும்பிட்டிருப்பினம்,” என்றேன். “அந்தப் பக்கத்திலை சில பலிபீடக் கல்லு கிடைக்கிறது. ரோமச் சாமியின்ரை பேரும் உள்ளூர்ச் சாமியின்ரை பேரும் ஒரே கல்லிலை சேத்து வெட்டியிருக்கும்.”

மரியதாஸ் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “நல்ல தையல். அந்தக் குளிருக்கு ஆரோ தகப்பன் தேடிக் குடுத்திருக்கிறான்,” என்றுவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார்.

கூட்டம் முடிந்து றோல்ஸ் போகிற பக்கம் எல்லோரும் போனார்கள். மரியதாஸைக் காணவில்லை. கதவு திறந்து மூடிய குளிர் மட்டும் வந்தது. கதை முடிந்தது, பவாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வயர்களைச் சுற்றினேன். அனிற்றா பக்கத்தில் வந்து மற்ற வயரை எடுத்துச் சுற்றினாள். அப்போது கதவு மறுபடி திறந்தது. மரியதாஸ் தோளில் பனியோடு உள்ளே வந்து ஒரு சோடி பூட்ஸை என் காலடியில் வைத்தார். ட்ரக்கில் வைத்திருக்கும் வேலைப் பூட்ஸ், முன்பக்கம் இரும்பு.

“வந்ததிலை இருந்து உங்கட காலைத்தான் பாக்கிறன்,” என்றார். “ரெண்டு சொக்ஸ் போட்டால் அளவா இருக்கும். நாளைக்குப் பூசை முடிய மத்தியானம் வீட்டை வாங்கோ.”

அனிற்றா ஓடிப்போய்க் கழிவறைக்குள் நின்று அழுதுவிட்டு வந்தாள் என்று பிறகு ஆதவன் சொன்னான். நானும் அழுதிருப்பேன். ஆனால் பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்த இடத்தில் ஆதவனின் சூட்டு முதுகில் கிழிந்துவிட்டது. கவனம் அங்கே போய்விட்டது.

ஞாயிறு காலை பெட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தேன், பணியாரம் ஒன்றும் உடையவில்லை. என் பூட்ஸும் உள்ளே இருந்தது. அதை எடுக்காமல் மரியதாஸின் பூட்ஸையே போட்டுக்கொண்டு பிறம்ரன் போனேன்.

நகரத்தின் மறுமுனை அது. வழி நெடுகக் கிடங்குகள், அவற்றின் வாசலில் முதுகைக் கொடுத்து நின்ற ட்ரக்குகள். வீட்டில் நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், முருங்கைக்காய். றோசலின் அகப்பையைக் கீழே வைக்கவில்லை. இங்கிலாந்தில் எங்கள் நண்டு ஐஸ்கட்டியாகத்தான் வரும் என்று சொன்னதற்கு இன்னொரு நண்டுக் கால் என் தட்டில் விழுந்தது.

சாப்பிட்ட பிறகு மரியதாஸ் தன் ட்ரக்கைக் காட்ட வெளியே கூட்டிப்போனார். முன்னால் ஓட்டும் இடம், பின்னால் ஒரு கட்டில், தலைமாட்டில் அந்தோனியார் படம்.

“உங்கட ஆக்கள் மாதிரித்தான். முன்னறை வேலைக்கு, பின்னறை படுக்க,” என்றார்.

திரும்பி வரும் வழியில் கராஜுக்குள் நின்று, மேல் தட்டில் இருந்து ஒரு பையை இறக்கினார். உள்ளே உள்ளங்கை அளவில் இரண்டு சிவப்பு றப்பர் பூட்ஸ்.

“அனிற்றான்ரை முதல் பூட்ஸ். ரோமாக்கள் சேத்துக்கை எறிஞ்சு போட்டினம். நான் எறியேல்லை.”

பையைத் திரும்ப மேலே வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். “என்ரை தங்கச்சி ஒருத்தி உங்கட பக்கத்திலை முடிச்சவள். பேந்து அவளை மாதா கோயில் வாசல் மிதிக்க விடேல்லை. செபமாலையை அலுமாரிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவள். அதுதான் எனக்குப் பயம். நேற்று உங்கட கூட்டத்துக்குப் பிழையா விளங்கி வந்த மனிசியைப் பாட விட்டனீங்கள். நான் அதைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

கணினி திறக்கும்வரைக்கும் நேரம் போக்கத்தான் பாடச் சொன்னேன் என்பதை நான் சொல்லவில்லை. “உங்கட பிள்ளை எங்கட வீட்டிலை ஒண்டையும் ஒளிக்க வேண்டி வராது,” என்று மட்டும் சொன்னேன். அதை முழு மனதோடு சொன்னேன். அவர் திரும்பி என் கையைப் பிடித்தார்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு அவரே கொண்டுவந்து விட்டார். பட்டுச் சேலை றோசலினிடம் போயிருந்தது. பூட்ஸைக் கழற்றக் குனிந்தேன், விடவில்லை. திரும்பி வரும்போது கொண்டு வரச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் தங்களுக்குச் சரிவராது என்றார். ஆடியில் எங்களுக்குச் சரிவராது என்றேன். அப்போது அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். இந்தத் தடவை அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது.

உள்ளே போய் இருந்ததும் பவாவுக்கு எடுத்தேன். அவள் முதல் மணியிலேயே தூக்கிவிட்டாள்.

“என்ன சொன்னவர்?”

“பாப்பம் எண்டு சொன்னவர்.”

பெருமூச்சு அத்திலாந்திக்கைக் கடந்து வந்தது. “இவ்வளவு தூரம் போயும் இன்னும் பாப்பமோ?”

“ஓம்,” என்றேன். “நாள் பாப்பம் எண்டவர்.”